மனையும் மன்றமும்: நம் குடியிருப்பு உரிமையின் வரலாறு

சாவடி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகின்றன. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம் என்பது ஒன்று. ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்க்கும் பொது இடம் என்பது மற்றொன்று. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் அமைந்த நம் குள்ளஞ்சாவடியின் பெயரிலும் அச்சொல் நிலைத்திருக்கிறது. ஆனால், பழைய நாளில் ஊர்ச் சாவடித் திண்ணையில் அமர்ந்து பேசும் உரிமை நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. எட்ட நின்று, பிறர் செய்த முடிவைக் கேட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். எங்கே குடிசை போடலாம், எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம், பிணத்தை எவ்வழியாகக் கொண்டு செல்லலாம் என்பன யாவும் அவர்கள் வாய் திறவாமலே முடிவு செய்யப்பட்டன. ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களின் அமைப்பு, அம்முடிவுகள் மண்ணில் விட்டுச் சென்ற தடமேயாகும்.

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் மனைக்கட்டைப் பற்றியும் ஊராட்சியைப் பற்றியும் எழுதுவது பொருந்துமோ என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். படிக்கும் பிள்ளைக்கு மழை ஒழுகாத கூரையும், இரவில் வெளிச்சமும், புத்தகம் வைக்க ஒரு மூலையும் வேண்டும். இவை மூன்றும் ஊர் மன்றத்தின் முடிவைச் சார்ந்தவை. ஆகவே, நம் மக்கள் குடியிருக்கும் மனைக்கு எவ்வாறு உரிமை பெற்றார்கள், அவ்வுரிமை எங்கெங்கே தடைப்பட்டு நின்றது, இனி அதை முழுமையாக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றை நாம் வரிசையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிறர் மண்ணில் நம் அடுப்பு

நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பு, சென்னை மாகாணத்தில் நிலமற்ற உழைப்பாளி ஒருவன் தன் குடிசை நிற்கும் மண்ணைத் தன்னுடையது என்று சொல்லத் துணிந்ததில்லை. மிராசுதாரர்கள் பலர், சேரி மனைகளும் தங்களுக்கே உரியவை என்று வழக்காடினர். கூலி உயர்த்திக் கேட்டாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குச் சென்றாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோகூட, “என் மண்ணை விட்டு வெளியேறு” என்ற ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது. சாட்டையைக் காட்டிலும் அந்தச் சொல்லுக்கு வலிமை மிகுதி. மனைவி மக்களையும் சட்டி பானைகளையும் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எங்கே செல்வது? மனையுரிமை இல்லாதவனுக்கு வாயுரிமையும் இல்லை என்பதை நம் முன்னோர் அன்றாடம் கண்டறிந்தனர்.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்கீர் என்பார், தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மையும் மனையுரிமையின்மையுமே அவர்களை அடிமைத்தளையில் வைத்திருக்கின்றன என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. கிறித்தவ ஊழியர் சிலரும் அதே காலத்தில் இக்கொடுமைகளைப் பற்றி அரசுக்கு எழுதினர். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்த அரசாணையின் வழியே, தாழ்த்தப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கும் ஏற்பாடு தோன்றியது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுவது அதனையே. பத்தாண்டுகள் வரை அந்நிலத்தை யாருக்கும் விற்றலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோருக்கு அன்றிப் பிறருக்கு மாற்றலாகாது என்பது அதன் நிபந்தனை. அந்நிபந்தனை எத்தனை இடங்களில் மீறப்பட்டது என்பது தனியே எழுதத்தக்க துயரக்கதை. மேலே எழுதப்பட்ட ஆணையைக் கீழே காப்பதற்கு நம்மவர் ஒருவரும் ஊர்க் கணக்கருகில் இல்லை என்பது மட்டும் இங்கே போதும்.

சென்னையில் பிறந்த சட்டங்கள்

1920இல் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி சென்னை மாகாணத்தில் ஏற்படுத்தப்பட்டது. அவர் கீழ் இயங்கிய துறை, தாழ்த்தப்பட்டோருக்கு மனை வாங்கித் தருதல், கிணறு வெட்டுதல், பள்ளி திறத்தல், சுடுகாட்டுக்குப் பாதை அமைத்தல் ஆகிய பணிகளை மேற்கொண்டது. நிலத்தை அரசு கையகப்படுத்தும். மனை பெறுவோர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து அதன் விலையைத் தவணை முறையில் திருப்பிச் செலுத்துவர். நம் முன்னோர் பலர் தம் மனைக்கு விலை கொடுத்தே உரிமை பெற்றனர் என்பதை, எல்லாம் இலவசமாக வந்ததென்று பேசுவோர் அறிந்துகொள்ள வேண்டும்.

அதே காலத்தில்தான் நம் தலைவர்கள் சட்டமன்றத்தில் இடம்பெற்றனர். எம்.சி. ராஜா 1920இலும், இரட்டைமலை சீனிவாசன் 1923இலும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராயினர். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானம் சீனிவாசனாரின் முயற்சியால் நிறைவேறியது. நம் தென்னார்க்காட்டில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஓமக்குளத்தருகே பள்ளியும் விடுதியும் வளர்த்தார். பின்னர்ச் சட்டமன்றத்திலும் நெடுங்காலம் பணியாற்றினார். கல்விக் கழகமும் மன்றமும் ஒருவர் கையிலேயே இணைந்து நின்றமைக்கு அவர் வாழ்வே சான்று.

நாடு விடுதலை பெற்றபின் தொழிலாளர் துறையின் இப்பணிகள் 1949இல் அரிசன நலத்துறை என்ற பெயரில் தனித்துறையாயின. எனினும் பண்ணை மண்ணில் குடியிருந்தோரை வெளியேற்றும் கொடுமை ஓயவில்லை. அதனைத் தடுக்க 1961இல் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்ததேயன்றி, மண்ணை உரிமையாக்கவில்லை.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டமைக்காகத் தாக்கப்பட்ட நம் மக்கள் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தனர். பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் அக்குடிசையோடு எரிக்கப்பட்டனர். ஓலைக்கூரை நம்மைக் காக்கவில்லை. ஓடிச்சென்று நிற்க நமக்கென்று ஒரு மண்ணும் இல்லை.

அதற்கு மூன்றாண்டுகளுக்குள் 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம் பிறந்தது. 1971 ஜூன் 19ஆம் நாளில் பிறர் நிலத்தில் குடியிருந்த வேளாண் தொழிலாளர்க்கு, அம்மனையே உடைமையாகும் என்று அச்சட்டம் கூறிற்று. 1974இல் அரிசன வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகமாகிய தாட்கோ நிறுவப்பட்டுத் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டத் தொடங்கியது. 1978இல் அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்ட சுற்றுவழியைக் குறைத்து, மாவட்ட ஆட்சியரே முடிவெடுக்க அது இடமளித்தது. அதை எதிர்த்து நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பகுதி மட்டும் நீக்கப்பட்டு, ஏனைய சட்டம் 1990களில் நிலைநிறுத்தப்பட்டது. இந்நாட்டின் சேரிகளை ஒட்டி நாம் காணும் புதுமனைகளுள் பல அச்சட்டத்தின் வழி வந்தவையே.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. 1892 முதல் 1978 வரை வந்த நன்மை ஒவ்வொன்றும் ஊருக்கு வெளியிலிருந்து, சென்னையிலிருந்து வந்தது. ஊர் மன்றம் தானாக முன்வந்து நமக்கு மனை அளந்து தந்த நிகழ்ச்சி மிகமிக அரிது. மேலிருந்து வந்த ஆணையை இழுத்தடிக்கும் இடமாகவே ஊர் பல நேரங்களில் விளங்கியது.

கடல் கடந்த ஒரு பாடம்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகர மன்றம் 1910இல் ஒரு விதி இயற்றியது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருவில் கறுப்பர் குடிபுகலாகாது; கறுப்பர் தெருவில் வெள்ளையர் குடிபுகலாகாது என்பது அவ்விதி. வேறு நகரங்களும் அதைப் பின்பற்றின. லூயிவில் நகரத்தின் விதியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1917இல் அத்தகைய விதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஆயினும் பத்திரங்களில் எழுதிய தனியார் ஒப்பந்தங்கள் வாயிலாகப் பிரிவினை தொடர்ந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11ஆம் நாள்தான், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேற்றுமை காட்டலாகாது என்ற சட்டம் அங்கே நிறைவேறிற்று. தென்னாப்பிரிக்காவிலோ 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம், எந்த நிறத்தார் எந்த மண்ணில் வாழலாம் என்று நாட்டையே கூறுபோட்டது.

பால்டிமோர் மன்றத்தார் தம் வேற்றுமையை ஏட்டில் எழுதினர். எழுதியமையால் அதை வழக்குமன்றத்தில் எதிர்க்க முடிந்தது. நம் நாட்டிலோ சேரி எங்கே இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் எழுதவேண்டியிருக்கவில்லை. எழுதாத விதியை எதிர்ப்பது கடினம். ஆதலால் நமக்கு வேண்டிய முதற்காரியம், மன்றத்தின் முடிவுகளை எழுத்தில் கொண்டுவருதலும், அவ்வெழுத்தைப் படித்தலுமாகும்.

நெய்வேலியின் அருகில்

திட்டமிட்ட குடியிருப்பு என்றால் என்ன என்பதை அறிய நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டது. சுரங்கத்தோடு ஒரு நகரமும் எழுந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து, நேர்நேரான தெருக்களும், குடிநீர்க் குழாயும், கழிவுநீர் வழியும், பள்ளியும், மருத்துவமனையும், நிழல்தரும் மரங்களும் அமைத்தனர். முதலில் வரைபடம், பிறகு தெரு, அதன்பின் வீடு என்ற ஒழுங்கு அங்கே கடைப்பிடிக்கப்பட்டது. நம் சேரிகளிலோ முதலில் குடிசை, பல்லாண்டுகள் கழித்துப் பாதை, அதற்கும் பின்னர் விளக்கு என்று யாவும் தலைகீழாக வந்தன.

நெய்வேலி கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. பெருந்திட்டத்திற்கு நிலம் எடுக்கும்போது, பட்டா உடையவனுக்கு இழப்பீடு கணக்கிடப்படும். பட்டா இன்றி அம்மண்ணை உழுது வாழ்ந்தவனுக்கோ, இழந்தது இன்னது என்று காட்ட ஏடு இராது. வாழ்ந்த வாழ்க்கை ஒன்றாயினும், ஏட்டில் உள்ளவன் கணக்கில் உள்ளான். ஏட்டில் இல்லாதவன் கணக்கிலும் இல்லை. நிலக்கரியால் நாட்டுக்கு வெளிச்சம் வந்தது. நம்மவர் பலர் அங்கே வேலையும் பெற்றனர். அதை நாம் மறுக்கவில்லை. பட்டா என்னும் ஒரு தாளின் மதிப்பை இளைஞர்கள் உணரவேண்டும் என்பதற்கே இதைக் கூறுகின்றோம்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, குடிசைகள் பறந்தன. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் குடிசைகளுக்கு மாற்றாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தரப்படும் என்று அரசு அறிவித்தது. வீட்டுத் திட்டம் எதுவாயினும் அதைப் பெறுவதற்கு முதலில் கேட்கப்படுவது, “மனை யார் பெயரில் இருக்கிறது?” என்பதே. காற்று எல்லார் கூரையையும் ஒன்றுபோலத்தான் பிய்த்தது. ஆனால் மீண்டும் கட்டும் வேளையில் மனை உடையோனும் மனை இல்லாதோனும் வேறுவேறாயினர்.

அம்பேத்கர் விடுத்த எச்சரிக்கை

ஊராட்சியைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் கொண்டிருந்த கருத்தை நாம் மறத்தலாகாது. 1932இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவை அவர் எதிர்த்துப் பேசினார். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலும், கிராமத்தைப் புகழ்ந்து பேசியோரை மறுத்து, சாதியும் குறுகிய மனமும் குடிகொண்ட அவ்வமைப்பை அரசியலின் அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதனை அலகாகக் கொண்டதே நன்று என்றார். அதற்கும் முன்னர், 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு, நம் மக்களுக்குத் தனிக் கிராமங்கள் அமைக்கவேண்டும் என்று தீர்மானித்தது. ஊரின் ஓரத்தில் ஊரை நம்பி வாழும் வரையில் விடுதலை இல்லை என்பது அத்தீர்மானத்தின் உட்கருத்து.

இதற்கு நேர்மாறான வழியைத் தமிழக அரசு பின்னாளில் எடுத்தது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், எஞ்சியவை பிற வகுப்பாருக்கும் என்று கலந்து ஒதுக்கும் முறை அது. தனியே வாழ்ந்து தலைநிமிர்வதா, கலந்து வாழ்ந்து வேற்றுமையைக் கரைப்பதா என்ற வினாவுக்கு இன்றும் நம்மிடையே இரு விடைகள் உள்ளன. எவ்வழியாயினும் அதைத் தேர்ந்தெடுப்பவர் நாமாக இருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. புதுமனைக்கு இடம் பார்க்கும்போது, ஏரி உள்வாயிலோ சுடுகாட்டருகிலோ பள்ளத்திலோ ஒதுக்கிவிட்டு, “இதுதான் கிடைத்தது” என்று சொல்வதை ஏற்கலாகாது. 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் நீங்குவது நன்றே. அச்சொல் குறித்த இடைவெளியும் நீங்கவேண்டும்.

நாற்காலியின் கதை

சென்னை ஊராட்சிகள் சட்டம் 1958இல் இயற்றப்பட்டு, ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. எனினும் 1970இல் நடந்த தேர்தலுக்குப் பின் 1986 வரை தேர்தலே நடைபெறவில்லை. தலைவர் பதவி நம்மவர்க்கு எட்டாக்கனியாகவே இருந்தது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தை ஒட்டி 1994இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே, தலைவர் பதவியிலும் நமக்கு மக்கள்தொகைக்கேற்ற இடத்தை ஒதுக்கியது. 1996 அக்டோபரில் அதன்படி முதல் தேர்தல் நடைபெற்றது.

நாற்காலி எளிதில் கிட்டிவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தேர்தல் நடைபெறாமலும், வென்றவர் உடனே விலகும்படி செய்யப்பட்டும் பத்தாண்டுகள் கழிந்தன. 2006இல்தான் நிலைமை மாறியது. நம் மாவட்டத்திலேயே, புவனகிரியை அடுத்த தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமரவைக்கப்பட்ட செய்தி 2020 அக்டோபரில் படத்துடன் வெளியாகி நாட்டையே தலைகுனியச் செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. ஊராட்சித் தலைவர்கள் சாதி வேற்றுமையின்றித் தேசியக் கொடியேற்ற வழிசெய்யவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுதவேண்டிய நிலை இருந்தது.

ஒரு மர நாற்காலிக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு? அந்நாற்காலியில் அமர்வோர்தாம் வரவு செலவில் கையெழுத்திடுவர். எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தக் குடும்பத்துக்கு வீடு என்பதைக் கூட்டப்பொருளில் சேர்ப்பர். எதிர்ப்பவர்கள் அதை நன்கு அறிவர். நாமும் அறிதல் வேண்டும்.

பணம் வரும் வழி

ஊராட்சியின் பணத்தில் ஒரு பகுதி நாமே செலுத்தும் வரியாகும். வீட்டுவரி ஊராட்சிக்கே உரியது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வசூலான வீட்டுவரிக்கு ஈடாக அரசும் மானியம் வழங்கியது. குடிசைக்கும் வரி கட்டியவர்கள் நம் தாய்மார்கள். அவர்கள் கட்டிய காசில் ஊர்த் தெருவுக்கு முதலில் விளக்கு வந்ததும், சேரித் தெரு இருளில் கிடந்ததும் பல ஊர்களின் கதை.

இன்று மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு ஆகியவற்றின் மானியங்களே ஊராட்சிக்குப் பெருவருவாய். 15ஆம் நிதிக்குழு 2021–26 காலத்திற்குத் தந்த ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. அதாவது, நம் தெருவில் குழாயோ வடிகாலோ இல்லையெனில், அதற்கென்று வந்த பணம் எங்கே சென்றது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவையன்றி, தாழ்த்தப்பட்டோருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979–80இல் தொடங்கப்பட்டது. மக்கள்தொகையில் நம் விகிதம் எவ்வளவோ, திட்டச் செலவிலும் அவ்வளவு நமக்கென ஒதுக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் 20 விழுக்காட்டினர். கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர். கொள்கையாக இருந்ததற்குச் சட்டவலிமை தரும் வகையில் 2024இல் தமிழகச் சட்டமன்றம் தனிச்சட்டம் நிறைவேற்றியது.

வீட்டுத் திட்டங்களையும் நாம் வரிசைப்படுத்திக் கொள்ளலாம். 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கே உரியதாயிருந்தது. 2016இல் அது பிரதமர் குடியிருப்புத் திட்டமாக மாறி, 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து பெயர்கள் எடுக்கப்பட்டன. மாநில அரசு 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடுகளையும், 2024இல் 360 சதுர அடியில் கலைஞரின் கனவு இல்லங்களையும் கட்டத் தொடங்கியது. பெயர்கள் மாறினும் ஒன்று மாறவில்லை. பயனாளிகள் பட்டியலைச் சரிபார்க்கும் இடம் கிராம சபை.

நாம் செய்யவேண்டுவன

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது பழமொழி. அவ்வளைக்கு ஏடும் வேண்டும் என்று நாம் சேர்த்துக் கொள்வோம். நம் இளைஞர்கள் செய்யத்தக்க பணிகள் நான்கு.

முதலாவது, பட்டாவைப் படித்தல். ஊர்ப்புறத்தில் ஆதிதிராவிடர் நலத்துறை 3 சென்ட் மனையைப் பெண்கள் பெயரில் வழங்கி வருகிறது. ஆனால் பட்டாத் தாள் கையில் இருந்தும், நிலம் அளந்து காட்டப்படாமலும் கிராமக் கணக்கில் ஏற்றப்படாமலும் நிற்கும் குடும்பங்கள் தமிழகம் எங்கும் பல. ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் தெருவுக்கு ஒருவரேனும் படிக்கப் பழகவேண்டும். ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரிடம் எதைக் கேட்பது, ஊராட்சியில் எதைக் கேட்பது என்ற வேறுபாடும் தெரிதல் வேண்டும்.

இரண்டாவது, பிரிந்த குடும்பங்களைக் கணக்கெடுத்தல். பாட்டன் பெற்ற 3 சென்டில் இன்று பேரன்மார் மூவர் அடுப்பு மூட்டுகின்றனர். மூன்று குடும்பமும் ஒரு கதவிலக்கத்தில் இருக்கும்வரை, தேவை ஒன்றாகவே கணக்காகும். தெருவாரியாகக் குடும்பம் எத்தனை, மனை எத்தனை என்று எழுதி மன்றத்தில் வைத்தால்தான் புதுமனை கோர இடம் பிறக்கும்.

மூன்றாவது, கிராம சபையில் அமர்தல். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடும் ஏற்பாடு வந்தது. வருகைப் பதிவில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்புவது கலந்துகொள்வதாகாது. வரவு செலவு படிக்கப்பட்டதா, நம் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டதா என்று பார்த்த பின்னரே எழவேண்டும். எழுதிய தீர்மானத்தின் படி கிடைக்காவிடில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நான்காவது, மன்றம் இல்லாத காலத்திலும் விழித்திருத்தல். 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடைபெறவில்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவர் இல்லாத நாளிலும் பணம் வருகிறது, செலவாகிறது. கேட்பார் இல்லாத ஆண்டுகளில்தான் பங்கு பறிபோகும்.

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்த கண்ணும், எழுதத் தெரிந்த கையும், கூட்டத்தில் எழுந்து நிற்கும் துணிவும் போதும். அம்மூன்றையும் வளர்ப்பதற்காகவே கல்விக் கழகங்கள் தோன்றின. நம் கழகத்தில் படித்து வெளியூர்களில் பணியாற்றும் சகோதர சகோதரிகள், விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு நாளையேனும் இப்பணிக்கு ஒதுக்குதல் வேண்டும். அரசுப் பணியில் இருப்போர் மனு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். சட்டம் பயின்றோர் பட்டாக்களைச் சரிபார்த்துத் தரலாம். கல்லூரி மாணவர்கள் தெருக்கணக்கை எடுக்கலாம். நம் பெண்கள் தம் பெயரில் உள்ள மனையின் தாளைத் தாமே பாதுகாக்கலாம்.

நம் பாட்டனார் சாவடிக்கு வெளியே நின்றார். நம் தந்தையார் ஓட்டுப் போட்டார். ஆனால் மன்றத்தில் என்ன எழுதினார்கள் என்பதை அறியாதிருந்தார். அடுத்த தலைமுறை அவ்வேட்டைத் திறந்து படிக்கட்டும்; தன் தெருவின் தேவையைத் தன் கையாலேயே அதில் எழுதச் செய்யட்டும். கழகத்தின் பொன்விழா மலர் வெளிவரும் நாளில், அளக்கப்படாத மனை ஒன்றும் நம் தெருக்களில் இல்லை என்று எழுதும் வாய்ப்பை நம் இளைஞர்கள் உண்டாக்குவார்களாக.